முதல் பிசி: ஃபேன் சுத்துது, திரை கறுப்பு, டிராம் (ரேம்) லைட் எரியுது. எங்கிருந்து பார்க்கணும்?

ஈரோடு_புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுலயே பொருத்தின முதல் டெஸ்க்டாப் இது. பாகங்கள்: ஏஎம்டி ரைசன் 5 7600, பி650 சிப்செட் மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு (நாலு ரேம் ஸ்லாட்), 16 ஜிபி டிடிஆர்5 6000 ரேம் ரெண்டு, ஆர்டிஎக்ஸ் 4060, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), 120 மிமீ ஃபேன் வச்ச டவர் கூலர், மிட் டவர் கேபினட்.

பவர் பட்டனை அழுத்தினா எல்லா ஃபேனும் சுத்துது. கிராஃபிக்ஸ் கார்டு ஃபேன் மட்டும் கொஞ்சம் சுத்திட்டு நின்னுடுது. மானிட்டர்ல சிக்னல் இல்லைன்னு வருது. போர்டு ஓரத்துல சிபியு, டிராம், விஜிஏ, பூட்னு எழுதின நாலு சின்ன லைட் இருக்கு. அதுல டிராம் மட்டும் விடாம எரியுது. ஒரு நிமிஷம் பார்த்துட்டு ஆஃப் பண்ணிடுறேன்.

ரேம் ரெண்டும் சிபியு பக்கத்துல இருந்து எண்ணினா முதல் ஸ்லாட்லயும் மூணாவது ஸ்லாட்லயும் இருக்கு. எச்டிஎம்ஐ கேபிள் மதர்போர்டுல செருகியிருக்கு. கேபினட் முன்பக்க பவர் லைட் எரியலை. போர்டைத் தாங்குற பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் ஒண்ணு மிச்சமா கையில இருக்கு. அப்புறம், ஆன்ல இருக்கும்போது கேபினட்டோட பின்பக்க ஸ்க்ரூவைத் தொட்டா லேசா சுர்ருங்குது.

மொத்தத்தையும் கழட்டாம, எதை முதல்ல பார்க்கணும், எதை அப்புறம் பார்க்கணும்னு சொல்லுங்க.

---

பின்னவுட்:

நிறைய விவரம் கொடுத்திருக்கீங்க, அதனால் ஊகிக்க வேண்டியது குறைவு. அந்த நாலு லைட்டும் போர்டு தன்னைத்தானே சோதிக்கும் வரிசையைக் காட்டுபவை: முதலில் சிபியு, அடுத்து ரேம், பிறகு கிராஃபிக்ஸ், கடைசியில் பூட் டிஸ்க். எந்த லைட் அணையாமல் நிற்கிறதோ, சோதனை அந்த இடத்தில் நிற்கிறது. உங்களுக்கு சிபியு கட்டம் தாண்டிவிட்டது. எனவே சிபியுவுக்கு மின்சாரம் கொடுக்கும் 8 பின் கேபிள் போர்டின் மேல் இடது மூலையில் செருகப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அது விட்டுப்போயிருந்தால் பெரும்பாலான போர்டுகளில் ஃபேன் சுற்றும், சிபியு லைட்டிலேயே நின்றுவிடும்.

கிராஃபிக்ஸ் கார்டு ஃபேன் நிற்பது கோளாறு அல்ல. சூடு குறைவாக இருக்கும்போது ஃபேனை நிறுத்திவைப்பது இப்போதைய கார்டுகளின் வழக்கம்.

இனி ரேம். இரண்டு விஷயம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது.

ஒன்று, ஸ்லாட். நாலு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம் போட்டால் அவை சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் இருக்க வேண்டும். போர்டில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருப்பார்கள். இதற்குக் காரணம் உண்டு. ஒரு சேனலின், அதாவது சிபியு ரேமோடு பேசும் பாதையின், மின்தடம் முதல் ஸ்லாட்டைத் தொட்டுவிட்டு இரண்டாவதில் போய் முடிகிறது. ரேம் முதல் ஸ்லாட்டில் இருந்தால் அதற்கு அப்பால் மீதமிருக்கும் தடம் வெறுமனே தொங்கும். சிக்னல் அந்த நுனி வரை போய் எதிரொலித்துத் திரும்பி, அசல் சிக்னலோடு கலக்கும். டிடிஆர்3 காலத்து வேகத்தில் இது பெரிய தொல்லையாக இருந்ததில்லை. டிடிஆர்5 வேகத்தில் போர்டு எழுந்திருக்காமலே போகலாம்.

இரண்டு, நேரம். ஏஎம்5 (உங்கள் சிப்புக்கான சாக்கெட் வகை) போர்டு ஒரு புதிய ரேமை முதல் தடவை பார்க்கும்போது, ஒவ்வொரு தடத்துக்கும் சரியான நேர அளவையும் மின்னழுத்தத்தையும் தேடிக் கண்டுபிடிக்கும். மெமரி ட்ரெயினிங் என்பது அதுதான். அது நடக்கும்போது திரை கறுப்பாகத்தான் இருக்கும், டிராம் லைட் எரியும். இரண்டிலிருந்து ஐந்து நிமிடம் ஆவது சாதாரணம். நீங்கள் ஒரு நிமிடத்தில் ஆஃப் செய்தால் அடுத்த தடவை முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஸ்லாட் சரியாக இருந்தாலும் ஒரு நிமிடத்தில் அணைத்துக்கொண்டே இருந்தால் திரையில் எதுவும் வந்திருக்காது.

செய்ய வேண்டியது: எஸ்எம்பிஎஸ் பின்பக்க சுவிட்சை ஓ பக்கம் தள்ளுங்கள், ப்ளக்கைப் பிடுங்குங்கள், பிறகு பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். கெபாசிட்டரில் தங்கிய மின்சாரம் வடியும். பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். பல போர்டுகளில் தாழ்ப்பாள் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் க்ளிக் என்று மூடுவதை வைத்து மறுபக்கமும் உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துவிடுவோம். தாழ்ப்பாள் இல்லாத முனையை முதலில் கட்டைவிரலால் நேராக அமுக்கி, பிறகு மறுமுனையை அமுக்குங்கள். பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்: தங்க நிறக் கோடு ஒரு முனையில் மட்டும் தெரிந்தால் ரேம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

முதலில் ஒரே ஒரு ரேமை ஏ2வில் மட்டும் போட்டு ஆன் செய்து 15 நிமிடம் தொடாமல் விடுங்கள். வரவில்லை என்றால் அதே ஸ்லாட்டில் மற்ற ரேம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

---

கரிசல்:

பின்னவுட் சொன்ன வரிசை சரி. ஆனா ரேமை மாத்துறதுக்கு முன்னாடி கிராஃபிக்ஸ் கார்டைக் கழட்டி வச்சிடுங்கன்னு சொல்வேன். 7600 சிப்புக்குள்ளயே சின்ன கிராஃபிக்ஸ் இருக்கு. கார்டு இல்லாம மதர்போர்டு எச்டிஎம்ஐ வழியா படம் வரும், சந்தேகப்பட வேண்டிய பாகத்துல ஒண்ணு குறையும். (7500எஃப் வாங்கினவங்க இதைச் செய்யாதீங்க, அதுல உள்கிராஃபிக்ஸ் கிடையாது.) கார்டைத் திரும்பப் போட்டதுக்கப்புறம் கேபிள் கார்டுலதான் இருக்கணும். கார்டு இருக்கும்போது போர்டு முதல்ல கார்டு வழியாத்தான் படத்தை அனுப்பும். மதர்போர்டு போர்ட்ல செருகி வச்சுட்டு சிக்னல் இல்லைன்னு பார்க்கிறது ரொம்பப் பேருக்கு நடக்கிறது.

கார்டைக் கழட்டும்போது கவனம்: ஸ்லாட்டோட கடைசியில ஒரு பிளாஸ்டிக் தாழ்ப்பாள் இருக்கும். பெரிய கார்டு அதை மறைச்சுடும். விரல் எட்டலைன்னா மரக்குச்சியோ பிளாஸ்டிக் ஸ்பூன் காம்போ வச்சு அமுக்குங்க. ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், வழுக்கினா பக்கத்துல இருக்கிற தடத்தைக் கீறிடும்.

அடுத்தது அந்த மிச்ச ஸ்டாண்ட்ஆஃப். ஒண்ணு மிஞ்சினதுல தப்பில்லை, கேபினட்டோட கொஞ்சம் கூடுதலாத்தான் கொடுப்பாங்க. பார்க்க வேண்டியது வேற. உங்க போர்டுல எத்தனை ஓட்டை இருக்குன்னு எண்ணுங்க. முழு அளவு மைக்ரோ ஏடிஎக்ஸ், அதாவது 244 × 244 மிமீ இருந்தா எட்டு. குறைஞ்ச விலை போர்டு சிலதுல அகலம் குறைவு, வலது ஓரத்து ஓட்டை இருக்காது, ஆறுதான் வரும். எத்தனை ஓட்டையோ அத்தனை ஸ்டாண்ட்ஆஃப், அதே இடத்துல. அதுக்கு மேல ஒண்ணு கூட போர்டுக்கு அடியில நிக்கக்கூடாது.

மிட் டவர் கேபினட்ல பெரிய ஏடிஎக்ஸ் போர்டுக்குன்னு கம்பெனியிலயே முடுக்கி அனுப்பின ஸ்டாண்ட்ஆஃப் இருக்கும். அதைக் கழட்டாம சின்ன போர்டை வச்சா, ஓட்டை இல்லாத இடத்துல பித்தளை நேரா போர்டோட முதுகுல இருக்கிற சாலிடரைத் தொடும். ஷார்ட். அப்படி ஆனா பெரும்பாலும் ஆன் பண்ணினதும் ஃபேன் அரை சுத்து சுத்தி நின்னுடும், எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாத்திக்க ஆஃப் ஆயிடும். உங்களுக்கு அப்படி இல்லைங்கிறதால பயப்பட வேண்டாம், ஆனா டார்ச் அடிச்சு ஓரமா பார்த்துடுங்க.

எதிர்த் தப்பும் இருக்கு: ஓட்டை இருக்கு, அடியில ஸ்டாண்ட்ஆஃப் இல்லை. 24 பின் கேபிளை அமுக்கும்போதோ ரேமை அமுக்கும்போதோ போர்டு அந்த இடத்துல வளையும். வலது ஓரத்துல இது இருந்தா கட்டாயம் சரி பண்ணுங்க.

ஸ்க்ரூவைப் பத்தி ஒரு வார்த்தை. கேபினட் பையில ரெண்டு மரை கலந்திருக்கும். பெருமரை (6-32) எஸ்எம்பிஎஸ்சுக்கும் கார்டு பிராக்கெட்டுக்கும் பெரிய ஹார்ட் டிஸ்குக்கும். சன்னமரை (எம்3) 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு. மதர்போர்டுக்கு எதுன்னு ஸ்டாண்ட்ஆஃபைப் பொறுத்தது. சரியான ஸ்க்ரூ கையாலயே ரெண்டு மூணு சுத்து இறங்கும். முதல் சுத்துலயே இறுக்கமா இருந்தா மரை மாறிப்போச்சு, நிறுத்துங்க.

---

ஓம்விதி:

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். திரை வராததைவிட எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

எஸ்எம்பிஎஸ் உள்ளே, மின்வழியில் வரும் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்து உலோகக் கூட்டுக்கு ஒன்றும் நியூட்ரலிலிருந்து கூட்டுக்கு ஒன்றுமாகச் சின்னக் கெபாசிட்டர்கள் இருக்கும். எர்த் சரியாக இருந்தால் அவை வழியே கசியும் மிகச் சிறிய மின்சாரம் எர்த் கம்பியில் போய்விடும். எர்த் இல்லை என்றால் கூடு முழுவதும் 230 வோல்ட்டில் பாதியளவு, சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். டெஸ்டர் வைத்தால் மினுங்கும். கசிவு மில்லி ஆம்பியரில் ஒரு பங்குதான் என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் எஸ்எம்பிஎஸ் உள்ளே இன்சுலேஷன் ஒரு நாள் பழுதானால், எர்த் இல்லாத அந்தக் கூட்டில் முழு 230 வோல்ட் நிற்கும். அப்போது தொடுபவரின் உயிருக்கே ஆபத்து.

முதலில் ப்ளக்கைப் பாருங்கள். மூன்று பின்னில் பெரியது, மேலே இருப்பது எர்த். இரண்டு பின் அடாப்டர் வழியாகவோ, உள்ளே எர்த் கம்பியே இழுக்காத மலிவு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகவோ போட்டிருந்தால் அதை நீக்கி, சுவரில் இருக்கும் மூன்று பின் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள். அப்போதும் சுர்ரென்றால் சாக்கெட்டுக்கே எர்த் வரவில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230க்கு அருகிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட்டும் காட்ட வேண்டும். நியூட்ரல் கம்பியையே எர்த் பின்னில் இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கேபினட்டுக்கு முழு ஃபேஸ் வந்துவிடும்.

எர்த் சரியாகும் வரை மெஷின் ஆனில் இருக்கும்போது எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கவோ செருகவோ வேண்டாம். மானிட்டரும் கேபினட்டும் வேறு வேறு அழுத்தத்தில் மிதந்தால் செருகும் நொடியில் போர்ட் எரிந்துபோகலாம்.

---

ஈரோடு_புதுசு:

மூணு பேருக்கும் நன்றி அண்ணா. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல எர்த் கம்பி இல்லை. சுவர் சாக்கெட்டுக்கு மாத்தினதும் சுர்ருங்குறது நின்னுடுச்சு. கார்டைக் கழட்டிட்டு ஒரு ரேமை ஏ2ல போட்டு விட்டதும் படம் வந்துடுச்சு, அப்புறம் ரெண்டையும் ஏ2, பி2ல போட்டும் வந்துச்சு. ஸ்டாண்ட்ஆஃப் ஆறு, ஓட்டையும் ஆறு.

இப்ப புதுசா மூணு. முதல்ல "சிபியு ஃபேன் எரர், எஃப்1 அழுத்தவும்"னு வருது. அழுத்தினா பயாஸ் (போர்டுக்குள்ள இருக்கிற அடிப்படை நிரல்) திறக்குது, அதுல சிபியு சூடு 92 டிகிரி காட்டுது, இறங்கவே இல்லை. ரேம் வேகம் 4800ன்னு இருக்கு, 6000 இல்லை. முன்பக்க பவர் லைட் இன்னும் எரியலை.

---

பின்னவுட்:

92 டிகிரி என்றால் இப்போதே ஆஃப் செய்யுங்கள். 7600இன் உச்ச வரம்பு 95. அதைத் தொட்டால் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேல் போனால் தானாக அணைந்துவிடும், எனவே உடனே எரிந்துவிடாது. ஆனால் எந்த வேலையும் நடக்காத பயாஸ் திரையில் 40க்கும் 60க்கும் இடையில்தான் இருக்க வேண்டும்.

ஃபேன் எரரும் சூடும் தனித்தனி. எரர் வருவது, கூலர் ஃபேனின் ஒயர் சிஸ் ஃபேன் (கேபினட் ஃபேனுக்கானது) என்று எழுதிய பின்னில் செருகியிருப்பதால். ஃபேன் சுற்றும், ஆனால் சிபியு ஃபேன் பின்னில் சுழற்சி பூஜ்யம் என்று போர்டு படிக்கிறது. சாக்கெட்டுக்கு மேலே சிபியு ஃபேன் என்று எழுதிய 4 பின்னுக்கு மாற்றுங்கள்.

சூட்டுக்குக் காரணம் கூலரின் அடிப்பக்கம். டவர் கூலரின் செம்புத் தளத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டி வரும். "பொருத்தும் முன் நீக்கவும்" என்று அதிலேயே எழுதியிருந்தாலும் ஒளி படாத கோணத்தில் தெரியாது. அது இருந்தால் உலோகம் சிப்பைத் தொடுவதே இல்லை. கழற்றிப் பாருங்கள்.

கழற்றும்போது: ஏஎம்5இல் சிப்பை இரும்புச் சட்டம் அழுத்திப் பிடித்திருக்கிறது, எனவே கூலரோடு சிப் பிய்த்துக்கொண்டு வராது. (பழைய ஏஎம்4 வைத்திருப்பவர்கள் கவனம். அதில் சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் இறுகியிருந்தால் சிப் சாக்கெட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்து முள் வளையும். மெஷினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, கூலரை இட வலமாகத் திருகிக்கொண்டே எடுக்க வேண்டும்.) இரண்டு ஸ்க்ரூவையும் ஒன்றுவிட்டு ஒன்று, இரண்டு இரண்டு சுற்றாகத் தளர்த்துங்கள்.

படலத்தை உரித்த பிறகு பழைய பேஸ்டை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் கொண்டு இரு பக்கமும் துடையுங்கள். எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். ஒருமுறை பிரித்த பேஸ்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது, உள்ளே காற்றுக் குமிழ் மாட்டும். புதிதாக நடுவில் ஒரு பச்சைப் பட்டாணி அளவு வைத்தால் போதும். ஏஎம்5 சிப்பின் மூடியில் ஓரம் வெட்டப்பட்டிருக்கும், அந்த இடைவெளியில் கொஞ்சம் வழிந்தாலும் மின்சாரம் கடத்தாத சாதாரண பேஸ்ட்டால் கெடுதல் இல்லை. திரவ உலோக வகை மட்டும் வேண்டாம்.

திரும்ப முடுக்கும்போதும் மாறி மாறி இரண்டு இரண்டு சுற்று, ஸ்க்ரூ தானாக நிற்கும் வரை. ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் அழுத்தம் சாய்ந்துவிடும். அப்படிச் சாய்ந்த அழுத்தத்தால் சாக்கெட் முள் சில சரியாகத் தொடாமல், ஒரு ரேம் சேனலே காணாமல் போவதும் உண்டு. பயாஸில் 32க்குப் பதில் 16 ஜிபி மட்டும் தெரிந்தால், ரேமைக் குறை சொல்லும் முன் கூலர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி சமமாக முடுக்கிப் பாருங்கள்.

எஸ்எஸ்டியின் மேல் போர்டின் அலுமினியத் தகடு இருந்தால் அதன் அடியில் உள்ள ஒட்டுப் பட்டையிலும் இதே மாதிரி படலம் இருக்கும். அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

---

கரிசல்:

பவர் லைட் எரியாதது ஒயர் தலைகீழா இருக்கிறதால. எல்இடிக்கு பிளஸ் மைனஸ் உண்டு, மாத்திப் போட்டா எரியாது, கெட்டும் போகாது. திருப்பிச் செருகினா சரி. சுவிட்ச் ஒயருக்கு (பவர், ரீசெட்) திசை கிடையாது, எப்படிப் போட்டாலும் வேலை செய்யும்.

பெரும்பாலான போர்டுல முன்பக்க ஒயருக்கான இடம் கீழ் வலது மூலையில ரெண்டு வரிசை, ஒன்பது முள். ஒரு மூலையில முள் இருக்காது, அதை வச்சுத் திசை பிடிக்கணும். முள் இல்லாத மூலை வலது பக்கம் வர்ற மாதிரி பிடிச்சா, அந்த மூலை இருக்கிற வரிசையில இடமிருந்து முதல் ரெண்டு பவர் லைட், அடுத்த ரெண்டு பவர் சுவிட்ச். எதிர் வரிசையில முதல் ரெண்டு டிஸ்க் லைட், அடுத்த ரெண்டு ரீசெட். லைட் ரெண்டுக்கும் பிளஸ் இடது பக்கம். ஒயர் தலையில சின்ன முக்கோணம் இருக்கிற பக்கம் பிளஸ். சில கேபினட்ல பவர் லைட் தலை மூணு முள் அகலத்துல வரும், நடுவுல காலி. போர்டுல ரெண்டு முள்தான். அதுக்கு ஒயரைத் தலையில இருந்து உருவி நடு ஓட்டைக்கு மாத்தணும்: பக்கவாட்டுல இருக்கிற சின்ன பிளாஸ்டிக் நாக்கை குண்டூசியால தூக்கினா ஒயர் வந்துடும்.

அதே வரிசையில முன்பக்க யுஎஸ்பியும் ஆடியோவும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். யுஎஸ்பி 2ல மூலை முள் இருக்காது. ஆடியோவுல மூலைக்கு ஒண்ணு தள்ளி உள்ளே இருக்கிற முள் இருக்காது. இறங்கலைன்னா அமுக்காதீங்க, தப்பான இடம்.

நீல நிற யுஎஸ்பி 3 ஒயர்தான் எல்லாத்தையும் விட முரடு. தடிச்ச ஒயர், 19 மெல்லிய முள். கோணலா இழுத்தா முள் வளையும், சில சமயம் போர்டுல இருந்து கூடே பிய்ஞ்சு வரும். ஒரு கையால போர்டு பக்கத்துக் கூட்டைப் பிடிச்சுக்கிட்டு நேரா மேல இழுங்க. முள் வளைஞ்சிருந்தா லெட் எடுத்த மெக்கானிக்கல் பென்சிலோட குழாய் முனையை முள்ளு மேல மாட்டி மெதுவா நிமிர்த்துங்க. முன்னும் பின்னும் ஆட்டாதீங்க, உடைஞ்சிடும்.

---

தெற்குக்காற்று:

ரேம் 4800 காட்டுவது தப்பு அல்ல. எந்த டிடிஆர்5 ரேமும் முதலில் பொது வேகத்தில்தான் எழும். 6000 என்பது ரேமுக்குள் எழுதிவைத்த தனி அமைப்பு. பயாஸில் எக்ஸ்போ என்ற பெயரில் இருக்கும் (ரேம் இன்டெலுக்கென்று விற்பதாக இருந்தால் எக்ஸ்எம்பி). அதை ஆன் செய்து சேமித்தால் போதும். ஏஎம்டி இந்தச் சிப்புக்கு உறுதி தரும் வேகம் 5200 தான் என்பதால், 6000 ஓவர்கிளாக் கணக்கில் வரும். பெரும்பாலும் சிரமமில்லாமல் ஓடும்.

ஆனால் அதற்கு முன் பயாஸைப் புதுப்பியுங்கள். கடையில் சில காலம் இருந்த போர்டாக இருந்தால் இது கட்டாயம். 2023இல் எக்ஸ்3டி வகை (கூடுதல் கேஷ் நினைவகம் உள்ள) ரைசன் 7000 சிப்கள் சில சாக்கெட்டோடு எரிந்தன. எக்ஸ்போவை ஆன் செய்ததும் சில போர்டுகள் எஸ்ஓசி (சிப்புக்குள் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி) மின்னழுத்தத்தை மிக அதிகமாக ஏற்றியது கண்டுபிடிக்கப்பட்டு, 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி ஏஎம்டி வரம்பு வைத்தது. அந்த வரம்பு அதற்குப் பிறகு வந்த பயாஸில்தான் இருக்கிறது. உங்கள் சிப் எக்ஸ்3டி இல்லை என்றாலும் பழைய பயாஸோடு எக்ஸ்போ போடக் காரணமே இல்லை.

எக்ஸ்போவைச் சேமித்ததும் மெஷின் மறுபடி கறுப்புத் திரையில் சில நிமிடம் நிற்கும், டிராம் லைட் எரியும். அதே ட்ரெயினிங்தான், ஆஃப் செய்ய வேண்டாம். நிஜமாகவே எழவில்லை என்றால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் சிமாஸ் க்ளியர் என்று எழுதிய இரண்டு முள்ளை ஸ்க்ரூ டிரைவர் முனையால் பத்து விநாடி சேர்த்துப் பிடியுங்கள். முள் கைக்கு எட்டாவிட்டால் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். எல்லா அமைப்பும் பழைய நிலைக்குப் போகும்.

6000இல் விண்டோஸ் திறந்துவிட்டது என்பதால் ரேம் உறுதியாக ஓடுகிறது என்று அர்த்தமில்லை. மெம்டெஸ்ட்86 நிரலை பென் டிரைவில் போட்டு ஒரு இரவு ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் 5600க்கு இறக்குங்கள்.

பிறகு இன்னும் இரண்டு ரேம் வாங்கி நாலாக்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம். நாலு ரேமுக்கு இந்தச் சிப்பில் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600 மட்டுமே.

---

ஓம்விதி:

பயாஸ் புதுப்பிப்பது சரிதான், ஆனால் "கட்டாயம், உடனே" என்பதில் எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போர்டு பாதி எழுதிய பயாஸோடு நின்றுவிடும். யுபிஎஸ் இல்லாத வீட்டில், மழையும் காற்றும் இருக்கும் நேரத்தில் இதைத் தொட வேண்டாம். 4800லேயே சில நாள் ஓட்டினால் எதுவும் குறைந்துவிடாது.

---

தெற்குக்காற்று:

ஒப்புக்கொள்கிறேன். அதோடு, போர்டின் பின்பக்கம் ஃப்ளாஷ் பயாஸ் என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பாதியில் நின்றாலும் மீட்கலாம். பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, பயாஸ் கோப்பின் பெயரைக் கையேட்டில் சொன்னபடி மாற்றி, குறிப்பிட்ட ஒரே யுஎஸ்பி போர்ட்டில் செருகிப் பொத்தானைச் சில விநாடி அழுத்த வேண்டும். பக்கத்து லைட் மினுங்கும். நின்ற பிறகுதான் தொடலாம். இதற்குச் சிபியு, ரேம் எதுவும் தேவையில்லை, 24 பின்னும் 8 பின்னும் செருகி எஸ்எம்பிஎஸ் சுவிட்ச் ஆனில் இருந்தால் போதும்.

---

ஈரோடு_புதுசு:

படலம் இருந்துச்சு, உரிச்சு பேஸ்ட் வச்சாச்சு. இப்ப பயாஸ்ல 46 டிகிரி. ஃபேன் எரர் போயிடுச்சு, பவர் லைட்டும் எரியுது. கார்டைத் திரும்பப் போடப் போறேன். எஸ்எம்பிஎஸ் பெட்டியில 8 பின் கேபிள் ரெண்டு விதமா இருக்கு, எது கார்டுக்கு? முன்பக்க ஃபேனோட கலர் லைட் ஒயருக்கும் போர்டுல ரெண்டு இடம் இருக்கு, அதுல எது?

---

பின்னவுட்:

கார்டுக்குப் போவது 6+2 ஆகப் பிரியும் கேபிள், தலையில் பிசிஐஇ என்று இருக்கும். 4+4 ஆகப் பிரிவது சிபியுவுக்கு. இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் எதிரெதிர் வரிசையில் இருக்கின்றன, முனை வடிவமும் வேறு. பலவந்தமாக மாற்றி அமுக்கினால் நேரடி ஷார்ட். பழைய எஸ்எம்பிஎஸ் கேபிள் வீட்டில் இருந்தால் அதையும் இதில் சேர்க்காதீர்கள். கேபிளின் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொது விதி கிடையாது. வடிவம் பொருந்தும், உள்ளே ஒயர் வரிசை மாறியிருக்கும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்ட் டிஸ்க் எரிவது அப்படித்தான்.

கார்டைச் செருகி, பின்பக்கத் தாழ்ப்பாள் க்ளிக் ஆன பிறகு பிராக்கெட் ஸ்க்ரூவை முடுக்குங்கள், அதற்கு முன் அல்ல. மானிட்டர் கேபிளைக் கார்டுக்கு மாற்றுங்கள். விண்டோஸ் போட்டதும் டிஸ்ப்ளே அமைப்பில் ரிஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள், 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் பெரும்பாலும் 60இல்தான் தொடங்கும்.

---

கரிசல்:

கலர் லைட்: போர்டுல மூணு முள் (நாலு இடத்துல ஒண்ணு காலி) இருக்கிறது 5 வோல்ட், ஒவ்வொரு எல்இடிக்கும் தனி நிறம் வர்ற ஏஆர்ஜிபி. நாலு முள்ளும் இருக்கிறது 12 வோல்ட், எல்லாம் ஒரே நிறத்துல எரியும் பழைய ஆர்ஜிபி. உங்க ஃபேன் ஒயர்ல மூணு ஓட்டைதான்னா 5 வோல்ட்டுக்குத்தான் போகணும். 12ல செருகினா அந்த நொடியே எல்இடி போயிடும், ஃபேன் மட்டும் சுத்தும். முக்கோணக் குறியும் 5வி எழுத்தும் ஒரே பக்கம் வரணும்.

ஃபேன் மோட்டார் ஒயர் வேற, அது சிஸ் ஃபேன் முள்ளுக்கு. ஒரு முள்ளுல பொதுவா 1 ஆம்பியர் வரைதான் தாங்கும், பிரிப்பான் போட்டு மூணு ஃபேனுக்கு மேல தொங்க விடாதீங்க. காத்து சட்டம் இருக்கிற பக்கமா வெளிய போகும். முன்பக்க ஃபேன்ல அந்தச் சட்டம் கேபினட்டுக்கு உள்பக்கமா பார்க்கணும், பின்பக்க ஃபேன்ல வெளிப்பக்கமா. டவர் கூலரோட ஃபேன் ரேம் பக்கம் இருந்து, பின்பக்க ஃபேனை நோக்கித் தள்ளணும். ஆன் பண்ணி ஒரு மெல்லிசு காகிதத் துண்டை வெளிப்பக்க வலைகிட்ட பிடிங்க: முன்பக்கம் ஒட்டிக்கணும், பின்பக்கம் பறக்கணும்.